நெப்போலியன் காலப் படை: ஒரு பட்டாலியனுக்கு எத்தனை மினியேச்சர்?

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காகப் புதிதாக மினியேச்சர் (சிறு பொம்மை வீரர்) படை சேர்ப்பவர்கள் முதலில் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள்: 16 போதுமா, 24 வேண்டுமா, 36 வைக்கலாமா? எண்ணிக்கை கடைசியில் வரட்டும். லைனில், அதாவது தோளோடு தோளாக அகலவாக்கில், நிற்கும் ஒரு பட்டாலியன் (சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு) மேசையில் எத்தனை சென்டிமீட்டர் அகலம் பிடிக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நகரும் தூரம், சுடும் தூரம், எதிரியின் பக்கவாட்டில் புகுவது எல்லாமே அந்த அகலத்தைப் பொறுத்தவை.

பிரெஞ்சுக் காலாட்படை மூன்று வரிசையாக நிற்கும். ஆளுக்குச் சுமார் 55 செ.மீ. இடம். களத்தில் 600 பேர் இருந்தால் முன்வரிசையில் 200 பேர், அகலம் 110 மீட்டர். மஸ்கட் துப்பாக்கி உருப்படியாகப் பலன் தரும் தூரமும் ஏறக்குறைய 100 மீட்டர்தான். ஆக, லைனின் அகலமும் சுடும் தூரமும் கிட்டத்தட்ட சமம். இந்த விகிதத்தை விடாதீர்கள். விதிநூல் சுடும் தூரத்தை 30 செ.மீ. என்று வைத்திருக்க, உங்கள் பட்டாலியன் 12 செ.மீ. மட்டுமே இருந்தால், மூன்று நான்கு பட்டாலியன்கள் சேர்ந்து ஒன்றையே சுட்டுத் தீர்க்கும். அணிவகுப்புக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

28 மி.மீ. உயரப் பொம்மைகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது 4 × 4 செ.மீ. பேஸில் (பொம்மைகளை ஒட்டும் அடித்தட்டு) நான்கு பேர், பட்டாலியனுக்கு ஆறு பேஸ். மொத்தம் 24 பேர், லைன் 24 செ.மீ. அப்படியானால் 1 செ.மீ. சுமார் 4.5 மீட்டர், மஸ்கட் தூரம் 22 செ.மீ. நிஜத்தில் சில மீட்டரே இருக்கும் லைனின் ஆழம் மேசையில் மிகைப்பட்டுத்தான் தெரியும். எந்த அளவில் ஆடினாலும் அதைத் தவிர்க்க முடியாது.

ஆறு பேஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1808 பிப்ரவரி ஆணைக்குப் பிறகு பிரெஞ்சு பட்டாலியனில் ஆறு கம்பெனிகள் (பட்டாலியனின் உட்பிரிவுகள்). கம்பெனிக்கு ஒரு பேஸ் என்றால் வலக்கோடியில் கிரெனடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), இடக்கோடியில் வோல்டிஜர் (இலகு காலாட்படையினர்), நடுவில் நான்கு ஃபியூசிலியர் (சாதாரணக் காலாட்படையினர்). இரண்டு கம்பெனி அகலத்தில் தாக்கும் நெடுவரிசை 8 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம் என்று தானாக அமையும். குதிரைப்படையைத் தடுக்கும் சதுர அணி என்றால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று.

1812-13இன் ரஷ்ய, பிரஷ்ய பட்டாலியன்களில் நான்கு கம்பெனிகள்தான். அவற்றை ஆறு பேஸில் திணித்தால் கம்பெனி பாதியில் வெட்டுப்படும். 6 × 4 செ.மீ. பேஸில் ஆறு பேர், நான்கு பேஸ் என்று வையுங்கள். அதே 24 பேர், அதே 24 செ.மீ. ஆஸ்திரிய பட்டாலியன் ஏட்டளவில் 1,000 பேரைத் தாண்டும், கம்பெனிகள் ஆறு. இதே பெரிய பேஸில் ஆறு வைத்து 36 பேராக்கினால் பக்கத்தில் நிற்கும் பிரெஞ்சுக்காரரைவிடப் பருமனாகத் தெரியும். தெரியத்தான் வேண்டும்.

சிக்கல் பிரிட்டிஷ் படையில். பத்து கம்பெனிகள்; கம்பெனிக்கு ஒரு பேஸ் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். வலக்கோடியில் இரண்டு கிரெனடியர், இடக்கோடியில் இரண்டு லைட் கம்பெனிக்காரர், நடுவில் மீதிப்பேர். அதைவிட முக்கியம், அவர்கள் இரண்டே வரிசையில் நின்றார்கள். 500 பேர் என்றாலே முன்வரிசையில் 250 பேர், அகலம் 137 மீட்டர், மேசையில் 30 செ.மீ. ஆகவே எட்டு பேஸ், 32 பேர் கொடுக்கலாம். உங்கள் விதிநூல் பிரிட்டிஷ் லைனுக்குத் தனியாகச் சுடும் சலுகை தருகிறதென்றால் 24இலேயே நிறுத்துங்கள். இரண்டையும் கொடுத்தால் ஒரே அனுகூலத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

அதிகம் பிழையாவது குதிரைப்படையில்தான். 12 குதிரைகளை இரண்டு வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள், 2.5 செ.மீ. வீதம் அகலம் 15 செ.மீ., காலாட்படையைவிடக் குறுகல். நிஜத்தில் 300 குதிரை வீரர்கள் இரண்டு வரிசையில் நின்றால் முன்னால் 150 குதிரை, சுமார் 135 மீட்டர், அதாவது 30 செ.மீ. அந்தப் 12ஐயும் ஒற்றை வரிசையாக நிறுத்துங்கள், கணக்கு கச்சிதமாகப் பொருந்தும்.

நிஜமான இரண்டு பீரங்கிக்கு ஒரு மாடல். பிரெஞ்சுக் காலாட் பேட்டரியில் (பீரங்கித் தொகுதி) எட்டு என்பதால் நான்கு மாடல், ரஷ்யப் பேட்டரியில் பன்னிரண்டு என்பதால் ஆறு, பிரிட்டிஷுக்கு மூன்று. பேஸ் 6 செ.மீ. அகலம் இருக்கட்டும்.

இப்போது மேசை. 180 செ.மீ. நீளத்தில் இரு ஓரமும் 30 செ.மீ. குதிரைப்படைக்கு விட்டால் நடுவில் ஐந்து பட்டாலியன் லைனில் நிற்கும். இரண்டு அடுக்காகப் பத்து. பல பட்டாலியன்கள் கொண்ட ஒரு டிவிஷனுக்கு அது தாராளம். பல டிவிஷன்கள் சேர்ந்த ஒரு முழு கோர் ஆட வேண்டுமானால் இந்தத் திட்டம் ஆகாது: மேசையின் மொத்த நீளமே 800 மீட்டர் சொச்சம், 12 பவுண்டு பீரங்கி முனைக்கு முனை எட்டிவிடும். அப்போது 6 மி.மீ. பொம்மைகளுக்குப் போய், 6 × 3 செ.மீ. பேஸ் ஒன்றையே முழு பட்டாலியனாக வையுங்கள்.

144 பேருக்கு வண்ணம் பூசத் தெம்பு இருக்கிறதென்றால் 36 பேர் கொண்ட நான்கு பட்டாலியனைவிட 24 பேர் கொண்ட ஆறு நல்லது. நான்கில் ஒன்று ஓடினால் ஆட்டமே முடிந்த மாதிரி. ஆறு இருந்தால் இரண்டைப் பின்னால் நிறுத்தி வைக்க முடியும்.

வாங்குவதற்கு முன் அட்டையை பேஸ் அளவில் வெட்டி ஒரு முழு ஆட்டம் ஆடிப் பாருங்கள். நெடுவரிசையிலிருந்து லைனுக்கு விரிக்கும்போது பக்கத்துப் பட்டாலியன் இடிக்கிறதா, கிராமத்து வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே நெடுவரிசை நுழைகிறதா என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். இடித்தால் பேஸின் அகலத்தைக் குறையுங்கள், பேஸ்களின் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள்.

ஆர்டர் போடும்போது அதிகாரி, முரசடிப்பவர், கொடி தாங்குபவர் எல்லோரும் அந்த 24க்குள்ளேயே அடக்கம். 1808க்குப் பிந்தைய பிரெஞ்சு ரெஜிமென்ட் என்றால் கொடிக்கம்பின் உச்சியில் வரும் கழுகுச் சின்னம் முதல் பட்டாலியனுக்கு மட்டும்தான். மூன்று பட்டாலியன் சேர்த்தாலும் கழுகு ஒன்று போதும்.