பிடியரிசிப் பானை

உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொரு நாளும் ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் சேர்க்கும் பிடியரிசி வழக்கத்தை யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றும் கைக்கொள்ளலாம். சேர்ந்த அரிசியோடு பருப்பும் தேங்காயும், வளவில் காய்த்த முருங்கைக்காயும் வைத்து, தனித்து வாழும் முதியவருக்கோ உழைப்பவரை இழந்த குடும்பத்துக்கோ சனிக்கிழமைகளில் கொடுங்கள். தருமம் அந்தரங்கமாக இருக்கவேண்டும் என்று மத்தேயு 6 ஆம் அதிகாரத்தில் இயேசு கற்பிப்பதால், படமெடுப்பதை முற்றாகத் தவிர்த்து, பையைப் படலையடியில் வைத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே சென்று சற்றுநேரம் இருந்து, மருந்து வாங்கவேண்டுமா, கிளினிக்குக்குக் கூட்டிச்செல்ல ஆள் தேவையா என்று விசாரியுங்கள். அந்த விசாரிப்பு அரிசியிலும் பெரிய உதவி என்றே கருதுகிறேன். சைவ அயலவருக்கும் ஏற்றதாக இருக்கும்படி, கருவாடு முதலியவற்றை அந்தப் பையில் சேர்க்காதிருப்பது நல்லது.