ரன்னை யார் கணக்கில் எழுதுவது? ஆட்டக்காரர்களை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய இரண்டு இளைஞர்களோடு அண்மையில் ஓர் ஆட்டம் பார்த்தேன். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவதற்குள், இந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார். ஏன் அவர் என்று கேட்டேன். "ஆர்.பி.ஐ பட்டியலில் அவர்தானே முதலில் இருக்கிறார்" என்றார். 2008இல் நான் சொன்ன அதே பதில், குரலில் அதே உறுதி. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

விதி தெரியாமல் செய்யும் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். பத்து ஆட்டம் பார்த்தால் அவை தானாகப் போய்விடும். பத்து வருடம் பார்த்தாலும் போகாத தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைத்தான் சொல்கிறேன். கால்பந்து என்று நான் எழுதும் இடமெல்லாம் அமெரிக்கக் கால்பந்து, அதாவது என்.எஃப்.எல்.

ஆர்.பி.ஐயை ஒருவரின் சொந்தச் சம்பாத்தியம் என்று நினைப்பது

ஒருவர் பேட் செய்ததன் விளைவாக எத்தனை ரன் வந்தது என்பதுதான் ஆர்.பி.ஐ. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பேட்ஸ்மேன் எடுத்த ரன் மாதிரித் தெரியும். அங்கிருந்துதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. கிரிக்கெட்டில் அடித்தவரே ஓடித் தன் ரன்னை எடுக்கிறார். பேஸ்பாலில் ஹோம் ரன்னை (அடித்தவரே எல்லா பேஸையும் சுற்றி வரும் அடி) தவிர்த்துப் பார்த்தால், அடிப்பவர் ஒருவர், ஓடி வந்து ரன் ஆக்குபவர் வேறொருவர். ஓடி வருபவர் தான் நின்ற பேஸுக்கு (ரன் ஆக வரிசையாகத் தொட்டு வர வேண்டிய நிலை) எப்படி வந்து சேர்ந்தார் என்பதை ஆர்.பி.ஐ கேட்பதே இல்லை.

என் ஸ்கோர் நோட்டில் ஒரு பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். முதல் பேட்டர் ஒன்பது பந்து எதிர்கொண்டார். நான்கை அடித்து வெளியே தள்ளினார், ஒன்றில் ஏமாந்தார், மற்ற நான்கையும் தொடாமல் விட்டு வாக் (அடிக்காமலே கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கினார். அடுத்தவர் வலது பக்கம் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போக உதவும் அடி) அடித்தார். முதல் பேஸில் இருந்தவர் ஃபீல்டர் பந்தை எடுக்கும் கோணத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது பேஸில் நிற்காமல் மூன்றாவதற்கு ஓடிவிட்டார். மூன்றாவது பேட்டர் முதல் பந்தையே உயரமாகத் தூக்கினார். ஃபீல்டர் பிடித்தார், அவுட். பந்து பிடிபட்டதும் மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடி வந்து ரன் ஆக்கினார். நோட்டில் மூன்றாவது பேட்டரின் பெயருக்கு நேரே ஓர் ஆர்.பி.ஐ எழுதினேன். வாக் வாங்கி, பேஸ் தாண்டி ஓடி, கடைசியில் ரன்னாகவும் வந்தவருக்கு அந்தக் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

கணக்கு இன்னும் மோசம். ஒவ்வொரு நிலையிலிருந்தும் இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வரும் என்று பல்லாயிரம் ஆட்டங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். யாரும் அவுட் ஆகாமல் பேஸ் காலியாக இருந்தால் சுமார் 0.5 ரன். முதல் பேஸில் ஒருவர் என்றால் சுமார் 0.85. முதலிலும் மூன்றாவதிலும் ஆள் இருந்தால் சுமார் 1.75. அந்தத் தூக்கிய பந்துக்குப் பிறகு கையில் 1 ரன், முதல் பேஸில் ஒருவர், ஓர் அவுட். அங்கிருந்து மேற்கொண்டு வரக்கூடியது சுமார் 0.5. ஆகமொத்தம் 1.5. அதாவது, அவர் பேட் பிடிக்க வந்தபோது இருந்ததைவிட அணியின் நிலை கால் ரன் குறைந்துவிட்டது. குறைத்தவருக்கு ஆர்.பி.ஐ, கூட்டியவருக்கு வெறும் கட்டம்.

சரி, நீண்ட சீசனில் இதெல்லாம் சமன் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். ஆகாது. ஒரே வரிசையில், ஒரே ஆட்களுக்குப் பின்னால் 162 ஆட்டம் ஆடுபவருக்குச் சாதகம் கூடிக்கொண்டேதான் போகும்.

2008இல் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணியின் ரையன் ஹாவர்டுக்கு 146 ஆர்.பி.ஐ, 48 ஹோம் ரன். எம்.வி.பி விருது (ஆண்டின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கானது) அவருக்குத்தான் என்று நண்பர்களிடம் மாதக்கணக்கில் வாதாடினேன். குழுவில் அதிகம் பேசாத ஒருவர் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "அவர் அடிக்க வரும்போது பேஸில் நிற்பது யார், அதைப் பார்த்தாயா?" நான் பார்க்கவில்லை. என் சத்தத்தில் அவர் கேள்வியை மூடிவிட்டேன்.

பேஸில் நின்றவர்களில் முக்கியமானவர் சேஸ் அட்லி. அந்த ஆண்டு 33 ஹோம் ரன் அடித்தார். இரண்டாவது பேஸ் காவலில் அவருக்கு இணை அரிது. பந்து உடம்பில் பட்டால் பேஸ் கிடைக்கும் என்பதால் பிளேட்டை ஒட்டி நின்று, அந்த ஒரே சீசனில் 27 முறை அடி வாங்கினார். ஹாவர்டின் பேட்டிங் சராசரி .251, அதாவது சுமார் நான்கு முறைக்கு ஒரு ஹிட். எம்.வி.பி வாக்கெடுப்பில் ஹாவர்டுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது, ஆல்பர்ட் பூஹோல்ஸ் வென்றார். அட்லி முதல் பத்துக்குள் இல்லை. வாக்குப் போட்ட பத்திரிகையாளர்களும் என்னைப் போலவே பலகையைத்தான் பார்த்திருக்கிறார்கள். மாற்று ஆளைவிட எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்று சொல்லும் 'வார்' கணக்கில், அந்த ஆண்டு அட்லி ஹாவர்டைவிடப் பல மடங்கு மேலே இருக்கிறார்.

ரசிகனின் தவறுக்கு விலை ஒரு வாக்குவாதம்தான். அணி செய்தால் விலையே வேறு. 2010 ஏப்ரலில் ஹாவர்டின் ஒப்பந்தத்தை 5 ஆண்டு நீட்டித்தார்கள், 12.5 கோடி டாலருக்கு. நீட்டிப்பு தொடங்குவதே 2012இல்தான். தொடங்கும்போது அவருக்கு 32 வயது. நான் அன்று கைதட்டினேன். 2011 பிளே-ஆஃப் தோல்வியின் கடைசி அவுட்டில் அவருக்கு அக்கிலீஸ் (குதிகால்) தசைநார் அறுந்தது. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காயத்துக்கு முன்பே சரிவு தெரிந்தது. பிறகு 2014இல் சராசரி .223, ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆவது) 190. அந்த ஆண்டும் அவர் பெயரில் 95 ஆர்.பி.ஐ இருந்தது! ஆட்டம் போன பிறகும் அந்த எண் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான்.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 1990இல் சான் டியேகோவில் ஜோ கார்ட்டருக்கு 115 ஆர்.பி.ஐ; பேஸில் ஏறும் விகிதமோ .290. பத்துக்கு ஏழு முறைக்கு மேல் அவுட் ஆகித் திரும்பியவரை அந்த 115 மறைத்துவிட்டது.

இவ்வளவு தெரிந்த பிறகும், பேட்டர் வந்து நின்றதும் தொலைக்காட்சியில் மூன்று பெட்டி போடுகிறார்கள்: சராசரி, ஹோம் ரன், ஆர்.பி.ஐ. புதிதாகப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதானே? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்றாவது பெட்டியைப் பார்த்ததும் கண்ணைப் பேஸுகள் பக்கம் திருப்புங்கள். அங்கே நிற்பவர் எப்படி வந்தார், எத்தனை பந்து பார்த்தார், எங்கே ஒரு பேஸ் கூடுதலாக ஓடினார் என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். பேஸில் ஏறும் விகிதம், ஸ்லக்கிங் (அடியின் வலு), காவல் இடம், ஓட்டம் என்று மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பிட்சரின் வெற்றி தோல்வி எண்ணிக்கை

நோலன் ரையன் என்ற பிட்சர் (பந்து எறிபவர்), 1987: 8 வெற்றி, 16 தோல்வி. ஆனால் பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகிலேயே மிகக் குறைந்த இ.ஆர்.ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன்), 2.76. அதிக ஸ்டிரைக்அவுட்டும் அவர்தான், 270.

க்வார்ட்டர்பேக் "ஜெயித்தார்" என்று சொல்வது

இதுவும் ஆர்.பி.ஐ குடும்பத்துத் தவறுதான். கால்பந்தில், மைதானத்தில் ஓர் அணிக்கு 11 பேர். தாக்குதலுக்கு ஒரு கூட்டம், தடுப்புக்கு முற்றிலும் வேறு கூட்டம். தாக்குதலில் பந்தை எறிபவர்தான் க்வார்ட்டர்பேக்; எதிரணி தாக்கும்போது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எப்படி வெற்றியை அவர் பெயரில் மட்டும் எழுதுவது?

2000 சீசனில் பால்டிமோர் ரேவன்ஸ் தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எடுக்கவில்லை. அந்த ஐந்திலும் இரண்டை ஜெயித்தார்கள், தடுப்பு அவ்வளவு பலம். 16 ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது மொத்தம் 165 புள்ளி. 16 ஆட்ட சீசனில் அது சாதனை. நடுவில் க்வார்ட்டர்பேக்காக வந்த ட்ரெண்ட் டில்ஃபர் கோப்பையோடு வீடு போனார். இறுதி ஆட்டத்தில் அவர் எறிந்தது 25, போய்ச் சேர்ந்தது 12. சீசன் முடிந்ததும் அணியே அவரை வைத்துக்கொள்ளவில்லை. கோப்பை வென்றவரை விடுகிறார்களே என்று அன்று ஆச்சரியப்பட்டேன். அவர்கள் தங்கள் ஆட்டத்தை என்னைவிடச் சரியாகப் பார்த்திருந்தார்கள்.

க்வார்ட்டர்பேக் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. 2013 முதல் 2024 வரை என்.எஃப்.எல் எம்.வி.பி விருது ஒவ்வொரு ஆண்டும் ஒரு க்வார்ட்டர்பேக்குக்குத்தான் போயிருக்கிறது. அந்த இடம் அத்தனை பெரியது. அதனால்தான் அங்கே நிற்பவரை வெற்றி எண்ணிக்கையால் அளக்காமல், அவர் எறிந்த பந்துகளைப் பார்த்து அளக்க வேண்டும்.

அவர் இல்லாவிட்டால் யார் வருவார் என்று கேட்க மறப்பது

2018 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ், ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) டாட் கர்லிக்கு சுமார் 6 கோடி டாலரில் 4 ஆண்டு நீட்டிப்பு கொடுத்தது. அருமையான ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. அதே டிசம்பரில் அவருக்கு முழங்கால் பிரச்சினை வந்தது. அந்த சீசனிலேயே வேறு அணிகள் விட்டுவிட்ட சி.ஜே. ஆண்டர்சனைக் கூட்டி வந்தார்கள். முதல் ஆட்டத்தில் 167 யார்டு ஓடினார், அடுத்ததில் 132. டாலஸுக்கு எதிரான பிளே-ஆஃபில் 123, அதே ஆட்டத்தில் திரும்பி வந்த கர்லி 115. முன்னால் எதிராளிகளைத் தள்ளி வழி திறந்துவிட்ட சொந்த அணி வரிசை இருவருக்கும் ஒன்றுதான். 2020 மார்ச்சில் கர்லியை விடுவித்துவிட்டார்கள்.

திறமை வேறு, மதிப்பு வேறு. இவருக்கும் எளிதில் கிடைக்கும் அடுத்தவருக்கும் இடையே உள்ள தூரம்தான் மதிப்பு. என்.எஃப்.எல்லில் இது இரட்டிப்பு முக்கியம். 1994 முதல் அங்கே சம்பள உச்சவரம்பு இருக்கிறது. ஒருவருக்குக் கூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாத டாலர். பேஸ்பாலில் அப்படிக் கறாரான வரம்பு கிடையாது. அதிகச் சம்பளத்துக்கான வரி கட்டத் துணிந்த அணி செலவழித்துக்கொண்டே போகலாம். இரண்டு ஆட்டத்தின் ஒப்பந்தங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஒரே ஆட்டத்தைப் பார்த்து முடிவுகட்டுவது

1989 அக்டோபரில் ஹெர்ஷல் வாக்கர் என்ற ரன்னிங் பேக்கை டாலஸிடமிருந்து மின்னசோட்டா வாங்கியது. முதல் ஆட்டத்தில் 148 யார்டு ஓடினார். பதிலுக்கு மின்னசோட்டா கொடுத்த தேர்வுரிமைகளை (புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) வைத்து டாலஸ் எமிட் ஸ்மித் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. 1992, 1993, 1995 சீசன்களின் கோப்பைகளையும் எடுத்தது.

மைதானத்தை மறப்பது, மைதானத்தை மட்டுமே நினைப்பது

டென்வர் ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கே ஆடும் ராக்கீஸ் பேஸ்பால் அணி வீரரின் எண்களைக் கழித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இதைக் கற்றுக்கொண்டதும் எல்லாவற்றையும் கழித்துத் தள்ளும் ஒரு கட்டம் வரும். எனக்கும் வந்தது. அந்த அணியின் லாரி வாக்கர் 1997இல் 49 ஹோம் ரன் அடித்து எம்.வி.பி ஆனார். டென்வர் காற்று அடித்தது என்று ஒதுக்கினேன். பல ஆண்டுகள் கழித்துப் பிரித்துப் பார்த்தால், அந்த 49இல் 29 வெளியூர் மைதானங்களில் அடித்தவை. அவரை ஹால் ஆஃப் ஃபேமில் (மாபெரும் ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியல்) சேர்க்கவே 2020 வரை, தகுதியின் கடைசி ஆண்டு வரை, காத்திருக்க வைத்தார்கள்.

ஹைலைட்ஸ் பார்த்து மதிப்பிடுவது

முழு ஆட்டம் பாருங்கள்.

எண் இல்லாதவருக்கு மதிப்பும் இல்லை என்று நினைப்பது

கால்பந்தில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸின் லெஃப்ட் டேக்கிள் (வரிசையின் இடது பக்கம் நின்று க்வார்ட்டர்பேக்கைக் காப்பவர்) ஜோ தாமஸ் 2007இல் வந்தார். 2017 அக்டோபரில் கை தசை கிழியும்வரை தொடர்ந்து 10,363 ஸ்நாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஒவ்வொரு முயற்சியையும் தொடங்குவது), ஒன்றுகூட விடாமல் ஆடினார். முதல் 10 சீசனும் ப்ரோ பவுலுக்கு (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆட்டம்) தேர்வானார். அவர் இருந்த காலத்தில் அணி ஒருமுறைகூட பிளே-ஆஃப் ஆடவில்லை. யார்டு, டச்டவுன், புள்ளி எதிலும் அவர் பெயரைத் தேட முடியாது. 2023இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

அவரை மாதிரி ஒருவரை எப்படிப் பார்ப்பது என்று எனக்குப் புரியவே பல சீசன் ஆனது. பந்து ஸ்நாப் ஆன முதல் மூன்று விநாடி பந்தைப் பார்க்காதீர்கள். வரிசையின் இடது கோடியில் நிற்பவரின் காலைப் பாருங்கள். பின்னால் எடுத்து வைக்கும் முதல் அடி சின்னதா, நீளமா? கை எதிராளியின் மார்புக்குப் போகிறதா, தோளுக்குப் போய் வழுக்குகிறதா? எதிராளி உள்பக்கம் திரும்பும்போது இடுப்பு கூடவே திரும்புகிறதா? பிறகு கண்ணை உயர்த்தினால், க்வார்ட்டர்பேக் நிதானமாக நின்று எறிந்துகொண்டிருப்பார். அந்த மூன்று விநாடியை யாரும் எந்தப் பெட்டியிலும் போட்டுக் காட்டுவதில்லை.