முட்டியில் குருத்தெலும்புச் செல் வைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். செல் வளர்த்து, முட்டி எலும்புகளின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பைச் சரிசெய்துகொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எப்ப நடக்கலாம்?" நடை சில மாதத்தில் வந்துவிடும். வைத்த செல் நல்ல குருத்தெலும்பாக முதிர ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகும். இந்த இடைவெளியில்தான் முட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1987-இல் ஸ்வீடனில் தொடங்கிய முறை இது. நம் முட்டியிலிருந்தே குருத்தெலும்பைக் கொஞ்சம் கிள்ளி எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் செல்லை வளர்த்து, இரண்டாவது ஆபரேஷனில் புண்ணான இடத்தில் வைக்கிறார்கள். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற நீர்தான் அதற்குச் சாப்பாடு. அந்த நீர் பரவ வேண்டுமானால் முட்டி அசைய வேண்டும். அதனால்தான் காலை ஊன்ற விடாத டாக்டரே மடக்கி நீட்டச் சொல்கிறார்.

எவ்வளவு ஊன்றலாம், எவ்வளவு மடக்கலாம் என்பது செல் வைத்த இடத்தைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் முதலில் அதைப் பாருங்கள். தொடை எலும்பின் நுனியில் என்றால், முழு எடை போட பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம், புண் பெரிதானால் இன்னும் கூட ஆகும். முட்டிச் சில்லுக்கு அடியில் என்றால், முட்டி மடங்காமல் பிடிக்கிற பிரேஸ் போட்டுக் காலை நீட்டியபடி சீக்கிரமே ஊன்ற விடுவார்கள், மடக்குவதில்தான் கட்டுப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் செய்ததை நீங்கள் செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

ஆபரேஷனுக்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயங்களும் உண்டு. வயது, உடல் எடை, புண்ணின் அளவு, எத்தனை வருடம் வலியோடு இருந்தீர்கள் என்பதெல்லாம் பலனைத் தீர்மானிக்கும். கால் வளைந்திருந்தாலோ ஜவ்வு கிழிந்திருந்தாலோ அதையும் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் புதுச் செல்மேலேயே பாரம் விழும். முன்பு எலும்பில் துளையிட்டு வைத்தியம் பார்த்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அது பலனைக் குறைக்கக்கூடும். சிகரெட்டை இப்போதே விட்டுவிடுங்கள்.

அப்புறம் நம்ம செட்டிநாட்டு வீடு. தெருவிலிருந்து முகப்புக்கு உயரமான படி, வீட்டின் ஒவ்வொரு கட்டுக்கும் நிலைப்படி, தரையில் வழவழப்பான ஆத்தங்குடிக் கல். அந்தக் கல் ஈரமானால் ஊன்றுகோல் வழுக்கும். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி நடந்து பழகுவது நல்லதுதான், ஆனால் துடைத்துக் காய்ந்த பிறகு நடங்கள். படுக்கையை முகப்பு ஓரத்து அறைக்கே கொண்டுவந்துவிடுங்கள், மாடி வேண்டாம். படியேறும்போது சில்லுக்கு அடியில் உடல் எடையைப்போல மூன்று மடங்கு அழுத்தம் விழும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் அதைவிட அதிகம். அதனால் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம், சாப்பிடவும் தரையில் உட்கார வேண்டாம். "எல்லாரும் இலையில உட்கார்ந்திருக்கும்போது அவன் மட்டும் நாற்காலியிலயா?" என்று ஒரு ஆச்சி மனம் கேட்காமல் கேட்டார்கள். "ஆமாம் ஆச்சி, அவனுக்கு மேசையில இலை போடுங்க" என்றேன்.

பயிற்சிகளில் நான் விடவே விடாதது ஒன்று. காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, துண்டைக் கீழே அழுத்துங்கள். சில்லுக்கு மேலே உள்பக்கமாக விரல் வைத்துப் பார்த்தால் தசை திரண்டு கெட்டியாக வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்துவிட்டு விடுங்கள். தொடைத் தசை மெலிந்து கிடந்தால் முட்டி தாங்காது. பயிற்சிக்குப் பிறகு வீங்கி, மறுநாளும் வீக்கம் வடியவில்லை என்றால் அளவைக் குறையுங்கள்.

எனக்குக் கவலை தருவது நாலாவது, ஐந்தாவது மாதம்தான். வலி போயிருக்கும், பைக் ஓட்டத் தோன்றும், தை மாதமானால் பழனிக்கு நடக்கக் கால் பரபரக்கும். வலி இல்லாததை வைத்து உள்ளே ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சைக்கிள், நீச்சல் போன்றவற்றைச் சர்ஜன் முதலில் அனுமதிப்பார். கபடி, ஓட்டமெல்லாம் ஒரு வருடம் தாண்டித்தான், சிலருக்கு ஒன்றரை வருடம். பாதயாத்திரைக்கு நேர்ந்திருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அடுத்த தைக்குத் தள்ளி வையுங்கள்.

காய்ச்சல், முட்டிச் சூடு, கெண்டைக்காலில் வலியோடு வீக்கம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். மாதங்கள் கழித்து முட்டி திடீரென்று சிக்கிக்கொண்டாலோ, வலியோடு 'டக்' என்று சத்தம் கேட்டாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்த டாக்டரைப் போய்ப் பாருங்கள்.