பவர் சீற் அசையவில்லையா? அடியில் கை விடும் முன் இதைப் பாருங்கள்

காரில் மோட்டரால் நகர்கிற பவர் சீற்றின் சுவிட்சை அமத்துகிறீர்கள், சீற் முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. உடனே டோர்ச்சை எடுத்துக்கொண்டு சீற்றுக்கு அடியில் தலையை விட்டு, கையில் அகப்படுகிற சொக்கெட்டையெல்லாம் கழற்றிக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பதுதான் நம் ஆட்களின் வழக்கம். பழுதைவிட அதிகம் செலவு வைப்பது இந்த அவசரம்தான்.

ஏனென்றால் அங்கே ஓடுகிற வயர் எல்லாம் சீற் மோட்டருக்கு உரியவை அல்ல. மஞ்சள் சொக்கெட் ஒன்று தெரிந்தால் அது எயார்பேக் லைன். சீற்றின் பக்கத்தில் இருக்கிற எயார்பேக், பெல்ட்டை இழுத்து இறுக்கும் அந்தச் சின்ன வெடி, இரண்டுக்கும் இந்த வழியாகத்தான் வயர் போகும். அதில் மல்ரிமீற்றரை ஓம்ஸில், அதாவது வயரின் தடையை அளக்கும் இடத்தில், வைத்துப் பார்க்கவே கூடாது. ஓம்ஸில் இருக்கும்போது மீற்றர் தன்னுடைய பற்றரியிலிருந்து கொஞ்சம் கரண்டை உள்ளே அனுப்பும், எயார்பேக் வெடிக்க அதுவே போதுமாகிவிடலாம். கழற்றத்தான் வேண்டுமென்றால் சாவியை ஓஃப் செய்து, பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்திருங்கள். டொயோட்டா 90 வினாடி என்கிறது, ஹொண்டா 3 நிமிடம் என்கிறது. பல பிரியஸ்களில் 12 வோல்ட் பற்றரி முன்னால் இல்லை, டிக்கிப் பக்கம் இருக்கும், பொனெட்டைத் திறந்து தேடிக்கொண்டு நிற்கவேண்டாம். மஞ்சள் சொக்கெட் கழன்றிருக்கும்போது சாவியை ஒருமுறை ஓன் செய்தாலும் எயார்பேக் லைட் எரியத் தொடங்கிவிடும். திரும்பப் பூட்டினாலும் பல கார்களில் அது தானாக அணையாது, காரின் பிழைக் குறியீட்டை வாசித்து அழிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போகவேண்டும்.

சரி, அப்ப எங்கிருந்து தொடங்குவது? காதிலிருந்து. சுவிட்சை அமத்தும்போது மோட்டர் சத்தம் கேட்கிறது, ஆனால் சீற் அசையவில்லை என்றால் அது வயர் பிழையே இல்லை, பல்லோ உள்ளே சுழலும் கேபிளோ போயிருக்கும், அல்லது சீற் ஓடுகிற தண்டவாளத்தில் ஏதோ சிக்கியிருக்கும். திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் குடும்பத்தோடு குளித்துவிட்டு வருகிற காரில் தண்டவாளம் நிறைய மணலும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானும் கிடக்கும், முதலில் அதைத் துப்புரவாக்குங்கள். சத்தமே இல்லை, எந்தப் பக்கமும் அசையவில்லை என்றால் பியூஸ், கரண்ட் வருகிற லைன், எர்த் (கரண்ட் திரும்பிப் போகிற நெகட்டிவ் வயர்) மூன்றையும் பாருங்கள். முன்-பின், மேல்-கீழ் என்பவற்றில் ஒரு அசைவு மட்டும் வேலை செய்யாவிட்டால் அந்த அசைவுக்குரிய மோட்டர், அதன் வயர், அல்லது சுவிட்சின் உள்தகடு.

பியூஸ் எரிந்தால் பெரிய பியூஸ் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. இந்த லைனுக்கு 30 அம்பியர் இருப்பது சாதாரணம். அது நிற்கவில்லையென்று 40 போடுவதும் பியூஸுக்குப் பதில் கம்பியை முறுக்கி விடுவதும் சீற்றுக்கு அடியில் நெருப்பு வைப்பதற்குச் சமன், அடுத்து உருகப்போவது கார்ப்பெட்டோடு ஒட்டிக் கிடக்கிற வயர்.

அடுத்தது, கராஜில் கூட அடிக்கடி நடக்கிற ஒன்று. மீற்றரை வைத்துப் பார்க்கிறார்கள், 12 வோல்ட் காட்டுகிறது, “லைன் சரி, மோட்டர்தான் போச்சு” என்று தீர்ப்பு. மோட்டர் ஓடாதபோது எடுத்த அளவை வைத்து இப்படிச் சொல்ல முடியாது. வயருக்குள் இருபது இழையில் ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் 12 காட்டும், பாரம் ஏறியவுடன், அதாவது மோட்டர் கரண்டை இழுக்கத் தொடங்கியதும், அது விழுந்துவிடும். திருகோணமலையில் இதை மறக்கவே கூடாது. ஒரு பக்கம் உப்புக் காற்று, ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை, போதாததற்கு ஏசித் தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்தால் அது உள்ளே கார்ப்பெட்டுக்குக் கீழே இறங்கும். மேலே தடவினால் காய்ந்திருக்கும், கீழே இருக்கிற பஞ்சு ஊறிப்போய்க் கிடக்கும். வெளி ரப்பர் புதிதுபோல இருக்கிற வயரைச் சீவிப் பார்த்தால் செம்பு முழுக்கப் பச்சை பூத்திருக்கும்.

ஆகவே பாரத்தோடு பாருங்கள். மீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பற்றரி நெகட்டிவில் அல்லது காரின் துரு இல்லாத பொடித் தகட்டில் வையுங்கள், மற்றதைச் சுவிட்சுக்கு வருகிற எர்த் வயரில் வையுங்கள். இன்னொருவர் சுவிட்சை அமத்தட்டும். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் நல்லது. 1 வோல்ட்டுக்கு மேலே ஏறினால் மோட்டரைக் குறை சொல்லாமல் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டுங்கள். மீற்றர் இல்லையா, 21 வாட்ஸ் பிரேக் பல்ப் ஒன்றை சுவிட்சுக்கு வருகிற 12 வோல்ட் லைனுக்கும் எர்த் வயருக்கும் இடையில் கொழுவிப் பாருங்கள், மங்கலாக எரிந்தால் பிழை லைனிலோ எர்த்திலோதான். ஆனால் பல்ப்பை மஞ்சள் சொக்கெட்டுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

இன்னொரு குழப்பம். மோட்டரின் இரண்டு வயரும் எர்த் காட்டுகிறதே, ஷோட்டாகிவிட்டது என்று ஹார்னஸையே, அதாவது முழு வயர்க் கட்டையே, வெட்டுபவர்கள் உண்டு. சீற் நின்ற இடத்தை நினைவில் வைக்கும் மெமரி இல்லாத பல சீற்களில் சுவிட்சை விட்டிருக்கும்போது இரண்டு வயரும் எர்த்தில் இருப்பதுதான் முறை. அமத்தும்போது ஒன்றுக்கு மட்டும் 12 வோல்ட் வரும், எதிர்ப்பக்கம் அமத்தினால் மற்றதுக்கு வரும். மோட்டர் திசை மாறுவது அப்படித்தான்.

வயர் அறுந்திருந்தால் முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம். கண்ணாடி ஏற்றி வெயிலில் விட்ட காருக்குள் டேப்பின் பசை உருகி வழுகிவிடும். ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள், அதுவும் சீற் நகரும்போது மடிகிற இடத்தில் ஒட்டு வராமல் கொஞ்சம் தள்ளி. கேபிள் டையை இறுக்குவதற்கு முன் சீற்றை இரண்டு அந்தத்துக்கும் ஓட்டிப் பாருங்கள், வயர் இழுபடுகிறதா, தண்டவாளத்தில் நசிகிறதா என்று தெரியும்.

சீற் இடையில் நின்றுவிட்டதால் போல்ட் கழற்ற முடியவில்லை என்றால், மோட்டரின் சொக்கெட்டைக் கழற்றிவிட்டு, பியூஸ் போட்ட வயரால் மோட்டருக்கு நேரே கரண்ட் கொடுத்து நகர்த்தலாம். சொக்கெட் பூட்டியபடியே கொடுத்தால் கரண்ட் பின்னால் ஏறிச் சுவிட்சையோ மெமரி பெட்டியையோ கெடுக்கும். ஜப்பானிலிருந்து வந்த சில கார்களில் சீற் ஹீற்றர் வயரும் கூடவே ஓடும். நம் வெயிலில் அதை யார் போடப்போகிறார்கள், அதைத் திருத்திக்கொண்டு நேரம் போக்காதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற கார் என்றால் சுவிட்சைத் தொட்டே பார்க்கவேண்டாம். ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டியே சீற்றுக்குக் கீழே தரையில்தான் இருக்கும். நெகட்டிவைக் கழற்றி, கார்ப்பெட்டை எடுத்து வெளியே போட்டு, எல்லாம் காய்ந்த பிறகு பாருங்கள். திரும்பப் பூட்டும்போது மஞ்சள் சொக்கெட் முதலில், பற்றரி கடைசியில். சாவியை ஓன் செய்ததும் எயார்பேக் லைட் 6 வினாடி அளவில் எரிந்து அணையவேண்டும். அணையவில்லையென்றால் காரை எடுத்துக்கொண்டு ஓடாமல் ஸ்கேனர் இருக்கிற இடத்தில் காட்டுங்கள்.