ஒதுக்கப்பட்ட ஆல்பத்தை மறுபடி கேட்பது எப்படி: மெக்கார்ட்னியின் ‘ராம்’

ஓர் ஆல்பம் மோசமானது என்ற பேச்சு வெகுகாலமாக நிலவி வந்தால், அதைக் கேட்க உட்காரும் முன்பே, அந்தப் பேச்சு எப்போது, யாரிடமிருந்து, எந்த நிலவரத்தில் கிளம்பியது என்பதை ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும் சேர்ந்து வெளியிட்ட ‘ராம்’ ஆல்பத்துக்கு இப்படி எழுதிப் பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே தெளிந்துவிடும். 1970 ஏப்ரலில் மெக்கார்ட்னி இருந்த பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸ் பிரிந்த செய்தி உலகுக்குத் தெரிந்தது. அதே ஆண்டின் கடைசியில் அக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் ஜான் லெனனும் தனித்தனியே வெளியிட்ட ஆல்பங்கள் பெரும் மதிப்பைப் பெற்றன. டிசம்பர் 31 அன்று மெக்கார்ட்னி மற்ற மூவர் மீதும் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1971 மார்ச்சில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மே மாதம் ‘ராம்’ கடைக்கு வந்தது. குழுவைக் கலைத்தவர் என்ற கோபம் ஆறாத நேரத்தில், வீடு, வயல், மனைவி, விளையாட்டு என்று பாடும் தட்டு வந்தால் என்ன வரவேற்பு கிடைக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோனில் விமர்சகர் ஜான் லாண்டாவ் அதைக் கடுமையாகச் சாடினார். அதில் ஒரு மெட்டுகூட இல்லை என்ற பொருளில் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வருத்தப்பட்டார். ஆனால் கேட்பவர்கள் வாங்கினார்கள்: பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் இரண்டாமிடம்.

அடுத்தது கேட்கும் ஏற்பாடு. இதை அலட்சியமாக விட்டால் மற்ற எல்லாம் வீண். வேலூர்க் கோடையில் மின்விசிறி முழு வேகத்தில் சுழலும் அறையில் உட்கார்ந்து இந்த ஆல்பத்தைக் கேட்டால், அதன் உயிராகிய பேஸ் கிடார் அந்த இரைச்சலில் கரைந்துபோகும். சத்துவாச்சாரி போல நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி என்றால் லாரி ஒலியும் சேர்ந்துகொள்ளும். வெயில் ஏறும் முன், விடியற்காலையில், விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஃபோனின் சின்ன ஒலிபெருக்கி போதாது. விடுதி மாணவர்கள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக் கேட்பது வழக்கம். ஸ்டீரியோ பதிவில் ஒரு காதுக்கு ஒரு பக்கத்து ஒலி மட்டுமே வருவதால், இருவருமே அரைகுறையான பாட்டைத்தான் கேட்பார்கள். அப்படித்தான் கேட்க வேண்டும் என்றால் இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் மோனோ பதிவைத் தேடுங்கள். 1971இல் வானொலி நிலையங்களுக்காகத் தயாரித்த அந்தக் கலவை 2012 மறுவெளியீட்டின்போது பொதுமக்களுக்கும் கிடைத்தது.

பாடல்களைக் கலைத்துப் போடாதீர்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஆறு பாடல்கள். ஆறாவது முடிந்ததும் ஒரு காபி குடிக்கும் நேரம் விட்டு அடுத்த ஆறுக்குப் போங்கள். முதல் பக்கத்தில் உகுலேலே என்ற சின்னக் கிடார் போன்ற வாத்தியத்துடன் வரும் ‘ராம் ஆன்’ இரண்டாம் பக்கத்தின் முடிவுக்கு முன் மீண்டும் தலைகாட்டுவது, வரிசை மாறாமல் கேட்பவருக்கு மட்டுமே பொருள்படும்.

இனி காதுக்கு வருவோம். அன்று பலருக்கு உறுத்தியவை இரண்டு: லிண்டாவின் பயிற்சியில்லாத குரல், மெக்கார்ட்னி சில இடங்களில் தொண்டை கிழியக் கத்துவது. வட ஆற்காட்டுக்காரர்களாகிய நமக்கு இவை இரண்டையும் அளக்க நம்மிடமே ஓர் அளவுகோல் உண்டு, தெருக்கூத்து. கூத்தில் கட்டியக்காரனோ துரியோதனனோ விடிய விடியப் பாடும்போது குரல் கரகரத்துப் போவதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அந்தக் கரகரப்பில்தான் பாத்திரத்தின் வீம்பு நிற்கிறது. ‘மங்க்பெரி மூன் டிலைட்’ பாடலை அந்தக் காதோடு கேளுங்கள். சொற்களுக்கு நேரான அர்த்தம் கிடையாது, ஆனால் பியானோவின் அடியோடு அடியாக அந்தக் குரல் தன்னை வருத்திக்கொண்டு ஏறுவது ஒரு முழுமையான நடிப்பு. பின்பாட்டுக்காரர்களின் வேலையும் அப்படியே. அவர்கள் தனித்து மின்ன வேண்டியதில்லை, அடியை வாங்கி நிறுத்த வேண்டும். ‘டியர் பாய்’ பாடலில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய குரல்களுக்கு நடுவில் லிண்டாவின் தட்டையான, அலங்காரமற்ற குரலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பாருங்கள். அதை நீக்கிவிட்டால் அந்த அடுக்கு வெறும் மெருகாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

சண்டையைப் பாட்டுக்குள் தேடும் பழக்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். ‘டூ மெனி பீப்பிள்’ லெனனைக் குத்தியதுதான், மெக்கார்ட்னியே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் ‘டியர் பாய்’ லிண்டாவின் முன்னாள் கணவரை நினைத்து எழுதியது என்று அவர் சொல்லியிருக்க, அதுவும் தனக்கே என்று லெனன் எடுத்துக்கொண்டார். ஆகவே எந்த வரிக்குச் சான்று இருக்கிறதோ அதை மட்டும் பகையின் கணக்கில் எழுதுங்கள்.

‘அங்கிள் ஆல்பர்ட்/அட்மிரல் ஹால்சி’க்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். மழையும் இடியும், தொலைபேசியில் பேசுவது போல் நசுங்கிய குரல், திடீரென மாறும் நடை என்று முற்றுப்பெறாத பல துண்டுகளை ஒட்டிய பாட்டு இது. ஒட்டிய இடங்கள் ஒவ்வொன்றிலும் நிறுத்தி, முந்தைய துண்டிலிருந்து அடுத்ததற்கு எது கடத்திச் செல்கிறது என்று கவனியுங்கள். சில இடங்களில் தாளம், சில இடங்களில் ஒரே ஒரு வாத்தியம். வாத்தியக் குழுவுக்கான இசையை பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதினார், வாசித்தது நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு. அமெரிக்காவில் இது முதலிடம் பிடித்தது, குரலுக்குத் துணையான வாத்திய ஒழுங்கமைப்புக்காகக் (அரேஞ்ச்மென்ட்) கிராமி விருதும் பெற்றது.

மறுமதிப்பீடு என்றால் எல்லாவற்றையும் தூக்கிப் பிடிப்பது அல்ல. ‘ஸ்மைல் அவே’ சொல்லளவில் மெலிந்தது. ‘லாங் ஹேர்டு லேடி’ முடிய வேண்டிய இடத்தைத் தாண்டி நீள்கிறது. இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் பாராட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

மெட்டே இல்லை என்ற குற்றச்சாட்டைச் சோதிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. 1971 ஜூனிலேயே ரிச்சர்ட் ஹியூசனின் வாத்திய ஒழுங்கமைப்பில் இந்த ஆல்பம் முழுவதும் பெரும்பாலும் வாத்தியங்களால் வாசிக்கப்பட்டுப் பதிவானது; 1977இல் ‘த்ரில்லிங்டன்’ என்ற பெயரில் வெளிவந்தது. மெக்கார்ட்னியின் குரல் இல்லை, பகை இல்லை, மெட்டுதான் முன்னால் நிற்கிறது. அதையும் முழுதாகக் கேட்டு, அவர் குரல் போன பிறகும் எந்தப் பாட்டு வாயில் தங்குகிறது என்று உங்கள் தாளில் டிக் போடுங்கள். ‘அங்கிள் ஆல்பர்ட்’, ‘டியர் பாய்’, ‘தி பேக் சீட் ஆஃப் மை கார்’ மூன்றும் என் தாளில் தேறின. ‘த்ரீ லெக்ஸ்’ தேறவில்லை.