டாலர் டிரேடிங்குக்குப் புரோக்கர் தேடுகிறவர்களுக்கு, திருப்பூரிலிருந்து

"எந்த ஃபாரெக்ஸ் புரோக்கர் நல்லவருங்க?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு டாலரில் வரவேண்டிய பணமோ, கொடுக்கவேண்டிய பணமோ இருக்கிறதா? திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். "இருக்கு" என்பவருக்குச் சொல்ல நிறைய உண்டு. "இல்லைங்க, சும்மா டிரேடிங் பண்ணலாம்னு" என்பவருக்குச் சொல்வது கொஞ்சம்தான். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

இந்தியாவில் குடியிருப்பவர் ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டவர். ரிசர்வ் வங்கி அனுமதித்த வங்கி அல்லது என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற சந்தை, இந்த வழிகளில் மட்டும்தான் நாணய வியாபாரம் செய்யலாம். வெளிநாட்டு ஆப்பில் கணக்குத் திறந்து, யாரோ ஒருவரின் யுபிஐக்குப் பணம் போட்டு, மெட்டாடிரேடர் என்கிற டிரேடிங் மென்பொருளில் தங்கமும் யூரோவும் வாங்கி விற்பது இதில் சேராது. ஆண்டுக்கு 2,50,000 டாலர் வெளிநாட்டுக்கு அனுப்பலாமே என்று சிலர் சட்டம் பேசுவார்கள். அந்தத் திட்டத்திலும் வெளிநாட்டு மார்ஜினுக்காக, அதாவது டிரேடிங் செய்ய ஈடாகக் கட்டும் தொகைக்காக, பணம் அனுப்ப இடமில்லை. மாட்டினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க ஃபெமாவில் வழி இருக்கிறது.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 7 அன்று அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை 34 பெயர்களோடு வெளியிட்டது. பிறகு அது நீண்டுகொண்டே போகிறது. ஒரு ஆப்பின் பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக அதை நம்பிவிடாதீர்கள். பட்டியலில் இல்லாததெல்லாம் அனுமதி பெற்றது என்று ஆகாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. டெலிகிராமில் சிக்னல் கொடுக்கிற தம்பிகள் பலருக்கு வருமானம் டிரேடிங்கில் வருவதில்லை. உங்களைச் சேர்த்துவிட்டதற்கும், நீங்கள் போடுகிற ஒவ்வொரு ஆர்டருக்கும் அந்த ஆப் கொடுக்கிற கமிஷனில் வருகிறது. லாபத்தை எடுக்கப்போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்று எந்தத் தளமாவது கேட்டால், அதற்குமேல் ஒரு ரூபாயும் போடாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடுங்கள்.

சரி, உள்ளூர்ச் சந்தையிலாவது சும்மா விளையாடலாமா? 2008 ஆகஸ்டில் என்எஸ்இயில் டாலர்-ரூபாய் ஃபியூச்சர் (பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி, சந்தையில் வாங்கி விற்கும் ஒப்பந்தம்) தொடங்கியதிலிருந்து நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். 2024 ஜனவரி 5 அன்று வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, மே 3 முதல் நடைமுறைக்கு வந்ததும், அந்தக் கதவைக் கிட்டத்தட்டச் சாத்திவிட்டது. 10 கோடி டாலர் வரை காகிதம் காட்டத் தேவையில்லை. ஆனால் உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ கையில் இருந்தே ஆகவேண்டும். புரோக்கர் உங்களிடம் அப்படி ஓர் உறுதிமொழி கேட்டால், டிக் அடிப்பதற்கு முன் அது பொய்யா மெய்யா என்று ஒருமுறை யோசியுங்கள். வரவு செலவு எதுவும் இல்லாதவர்களுக்கு என் யோசனை: இந்தப் பக்கம் வரவேண்டாம்.

இனி, பையரிடமிருந்து, அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, டாலர் வரவேண்டியவர்கள்.

2013 மே தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68ஐத் தாண்டியது. அந்த நாலு மாதத்தில் இங்கே எல்லோரும் நாணய நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். டாலர் ஏறினால் ஏற்றுமதியாளருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆர்டர் எடுக்கும்போது ஒரு விலையை வைத்து நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி எல்லாம் கணக்குப் போட்டிருப்பீர்கள். பணம் வர மூன்று மாதம் ஆகும். பனியனில் நிற்கிற லாபம் அஞ்சு சதவீதம் என்றால், டாலர் இரண்டு ரூபாய் இறங்கினாலே அதில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். அதனால்தான் டாலர் விலையை முன்கூட்டியே பூட்டி வைக்கிறோம்.

பூட்ட இரண்டு வழிகள். ஒன்று, உங்கள் வங்கியிலேயே ஃபார்வர்ட் போடுவது, அதாவது பின்னால் வரும் டாலருக்கு இன்றே வங்கியோடு விலை பேசி ஒப்பந்தம் செய்வது. இன்னொன்று, புரோக்கர் வழியாகச் சந்தையில் ஃபியூச்சர் விற்பது. ஒரே இன்வாய்ஸை இரண்டு இடத்திலும் பூட்டக்கூடாது.

ஃபியூச்சரில் ஒரு லாட் 1,000 டாலர். விலை 0.25 பைசா நகர்ந்தால் லாட்டுக்கு இரண்டரை ரூபாய். ஒரு ரூபாய் நகர்ந்தால் ஆயிரம் ரூபாய். சந்தை காலை 9 முதல் மாலை 5 வரை. டாலர் கைக்கு வராது, எல்லாம் ரூபாயில்தான் தீரும். யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றுக்கும் ரூபாயோடு தனித்தனி ஒப்பந்தங்கள் உண்டு. யென்னில் மட்டும் லாட் 1,00,000 யென்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000 டாலர் இன்வாய்ஸ், 40 லாட், 90.30க்கு விற்றீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் வருகிற நாளில் வங்கி 88.80 தருகிறது, ஃபியூச்சர் 88.90ல் நிற்கிறது. வங்கியில் 35,52,000 ரூபாய், ஃபியூச்சரில் லாபம் 56,000. மொத்தம் 36,08,000. மாறாக டாலர் ஏறி வங்கி 91.80 தந்து, ஃபியூச்சர் 91.90 ஆனால்? வங்கியில் 36,72,000, ஃபியூச்சரில் நஷ்டம் 64,000. மொத்தம் அதே 36,08,000. முதலாளிகளுக்கு இந்த இரண்டாவது கணக்குதான் வயிற்றெரிச்சல். "அறுபத்திநாலாயிரம் போச்சே" என்பார்கள். வங்கியில் கூடுதலாக வந்ததை யாரும் பேசமாட்டார்கள்!

இதில் உண்மையிலேயே கடிக்கிற இடம் வேறு. ஃபியூச்சரில் நஷ்டம் அன்றன்றைக்கே உங்கள் மார்ஜின் கணக்கிலிருந்து போகும். பையரின் பணமோ மூன்று மாதம் கழித்து வரும். டாலர் இரண்டு ரூபாய் ஏறிவிட்டால் நாற்பது லாட்டுக்கு 80,000 ரூபாயை நடுவிலேயே கட்டவேண்டும். அன்றைக்குப் பார்த்துத்தான் சனிக்கிழமைக் கூலியும் இருக்கும். கட்டாவிட்டால் நீங்கள் விற்று வைத்திருக்கும் லாட்டுகளைப் புரோக்கரே மூடிவிடுவார், பூட்டும் போய்விடும். எனவே ஆரம்ப மார்ஜின் போக இன்னொரு தொகையைத் தொடாமல் ஒதுக்கி வைக்க முடிகிறவர்கள் மட்டும் ஃபியூச்சருக்கு வாருங்கள். ஃபார்வர்டில் பொதுவாக இந்தத் தினசரிப் பிடுங்கல் இல்லை. அதற்குப் பதில் வங்கி உங்களுக்கென்று அனுமதித்த லிமிட் வேண்டும், ஷிப்மென்ட் தள்ளிப்போய் ரத்து செய்தால் அதற்கும் செலவு உண்டு, வங்கி சொல்கிற விலையில் அதன் லாபமும் ஒளிந்திருக்கும். அந்த லாபம் எவ்வளவு என்று பார்க்க எஃப்எக்ஸ்-ரீடெய்ல் என்ற தளத்தில் உங்கள் வங்கி வழியாகச் சேருங்கள். கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா அதை 2019 ஆகஸ்டில் தொடங்கியது. வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் மொத்தச் சந்தைக்கு நெருக்கமான விலை அதில் தெரியும். அதைக் காட்டிப் பேரம் பேசினால் மேனேஜர் கொஞ்சமாவது இறங்குவார்.

ஃபியூச்சர்தான் என்று முடிவு செய்துவிட்டால், இப்போது புரோக்கர். முதலில், பங்குச் சந்தைகளை மேற்பார்க்கிற செபியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஐஎன்இசட் என்ற எழுத்துகளில் தொடங்கும். அவர் அனுப்புகிற பிடிஎஃப்பில் பார்த்தால் போதாது. செபியின் இணையதளத்தில் நீங்களே தேடி, பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்புறம் கரன்சி பிரிவில் உறுப்பினரா என்று என்எஸ்இயின் தளத்தில் பாருங்கள். பங்கு பிரிவில் பெரிய பெயராக இருப்பவரிடமும் கரன்சி பிரிவு இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கணக்கை யார் பெயரில் திறப்பது என்பதில்தான் திருப்பூரில் அதிகம் தவறுகிறார்கள். இன்வாய்ஸ் யார் பெயரில் போகிறதோ அவர் பெயரில்தான் திறக்கவேண்டும். புரோப்ரைட்டர் என்றால் சுலபம். பார்ட்னர்ஷிப் என்றால் டீட், கம்பெனி என்றால் போர்டு தீர்மானம் கேட்பார்கள். சில வாரம் இழுக்கும். அதற்குச் சோம்பல்பட்டு வீட்டுக்காரம்மா பெயரில் இருக்கும் டீமேட்டில் போடலாம் என்பார்கள். அந்தம்மாவுக்கு எந்தப் பையரும் டாலர் தரவேண்டியதில்லையே! விதிப்படியும் தப்பு, வருமான வரிக் கணக்கிலும் லாபம் ஒரு பக்கம், நஷ்டம் ஒரு பக்கம் என்று சிக்கிக்கொள்ளும்.

புரோக்கரேஜ் விஷயத்தில் மண்டையை உடைக்க வேண்டாம். டிஸ்கவுண்ட் புரோக்கர்களிடம் ஆர்டருக்கு 20 ரூபாய் அளவில்தான் இருக்கும். அதைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது மூன்று. மார்ஜின் குறைந்தால் எத்தனை மணிக்குள் கட்டச் சொல்வீர்கள்? மாத முடிவில் இந்த மாத ஒப்பந்தத்தை மூடி அடுத்த மாதத்தில் போட, அதாவது ரோல்ஓவர் செய்ய, ஆள் உதவுவாரா? போனை எடுக்கிறவர் கரன்சி தெரிந்தவரா, இல்லை பங்குச் சந்தை ஆளா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் அஞ்சு பத்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. "லாபம் உத்தரவாதம், கணக்கை நாங்களே பார்த்துக்கிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் ஆர்டர் போடுவதற்கு முன் திரையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 2024 விதிக்குப் பிறகு கூட்டம் குறைந்துவிட்டது. நடப்பு மாத டாலர் ஒப்பந்தத்தில்தான் ஆள் நடமாட்டம் இருக்கும். மூன்று மாதம் தள்ளிப் போனால் கடை காலி. அதனால் கிடைத்த விலைக்கு முடிகிற மார்க்கெட் ஆர்டர் போடாமல், நீங்களே விலை குறிக்கிற லிமிட் ஆர்டர் போடுங்கள். நடப்பு மாதத்திலேயே விற்று, மாதாமாதம் உருட்டிக்கொண்டு போவது நடைமுறைக்கு ஒத்துவரும். முதல் தடவை முழு இன்வாய்ஸுக்கும் போடாமல் பாதிக்குப் போட்டுப் பாருங்கள்.

எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடிகிற நேரம், அந்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பு, மதியம் 12.30க்கு. கையில் ஃபியூச்சர் இருந்தால் அன்றைக்கு அதிகாரப்பூர்வமாக அறிவிக்கிற டாலர் விலையான ரெஃபரன்ஸ் ரேட்டில் தானாகத் தீர்ந்துவிடும். பையரின் பணம் அதற்கு முன்பே வந்துவிட்டால், வங்கியில் டாலரை ரூபாயாக மாற்றுகிற அதே நாளில், முடிந்தால் அதே மணி நேரத்தில், அத்தனை லாட்டையும் திரும்ப வாங்கி மூடிவிடுங்கள். "டாலர் நாளைக்கு இறங்கும்போலத் தெரியுது, லாட்டை மட்டும் வைத்திருப்போம்" என்று முதலாளி சொன்னால், அந்த இன்வாய்ஸ் இப்போது இல்லை என்று ஞாபகப்படுத்துங்கள்.