நெரிசலான கூடத்தில் காண்ட்ரா நடனம்: அழைப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோடி ஜோடியாக வரிசையில் ஆடும் அமெரிக்க நாட்டுப்புற ஆட்டமான காண்ட்ராவுக்குக் கூட்டம் கூடிவிட்டால் அமைப்பாளருக்குக் கொண்டாட்டம், அழைப்பாளருக்குத் திண்டாட்டம். இசைக்குழுவின் பக்கத்தில் நின்று அடுத்த அசைவை முன்கூட்டியே குரல் கொடுத்துச் சொல்பவர்தான் அழைப்பாளர். எந்த ஆட்டம் என்று முடிவெடுப்பதும் பெரும்பாலும் அவரே. சாதாரண நாளுக்கு எழுதிவைத்த பட்டியலை நெரிசலிலும் அப்படியே ஓட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது.

ஜோடிகள் எதிரெதிரே இரண்டு நீள வரிசைகளாக நிற்பது ஒரு செட். அதற்குள் நான்கு நான்கு பேராகப் பிரிந்து, 64 தாளத்தட்டில் ஒரு சுற்று ஆடி, அடுத்த ஜோடியிடம் நகர்வார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கத்துச் சின்ன ஊர்க் கூடங்களில் இரண்டு மூன்று செட் போட்டாலே இடம் நிறைந்துவிடும். அழைப்பாளர் கூடத்தின் நீளத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறார். ஆனால் முதலில் காணாமல் போவது செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே இருக்கும் சந்து.

பழைய ‘கோரஸ் ஜிக்’ என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் ஜோடிகள், அதாவது இசைக்குழுவின் பக்கம் நிற்பவர்கள், பிரிந்து, வரிசைக்கு வெளிப்புறமாகக் கீழே, இசைக்குழுவை விட்டு விலகிப் போய்த் திரும்ப வேண்டும். இந்த செட்டின் வலது ஓரத்தாரும் பக்கத்து செட்டின் இடது ஓரத்தாரும் ஒரே சந்தில், ஒரே தாளத்தில் இறங்குவார்கள். தோள் இடிக்காமல் என்ன செய்யும்? அருமையான ஆட்டம்தான், கூட்டம் குறைந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நீள வரிசைகள் முன்னே போய்ப் பின்னே வரும் அசைவு பார்க்க அப்பாவி. பின்னே வரும்போது பக்கத்து செட்டும் பின்னேதான் வரும், முதுகோடு முதுகு மோதும். நான்கு பேர் பின்னல் போல நுழைந்து வரும் ‘ஹே’யிலும் ஓரத்தில் திரும்புகிறவர் சந்துக்குள் வந்துவிடுவார்.

நால்வர் கைகோத்துக் கூடத்தின் கீழ்ப்பக்கம் நடந்தால் கடைசி நால்வருக்கு முன்னால் சுவர். போட்டே ஆக வேண்டுமென்றால் ஜோடியாக இல்லாமல் தனித்தனியாகத் திரும்பச் சொல்லுங்கள், அடியையும் சின்னதாக வைக்கச் சொல்லுங்கள்.

இப்போதைய ஆட்டங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்விங், அதாவது ஜோடியாகப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றுகிறார்கள். முழங்கைகள் சந்திக்கும் இடம் அதுதான். முதல் ஜோடி மட்டும் நடுவில் சுற்றும் பழைய பாணி ஆட்டம் ஒன்றிரண்டைத் தைரியமாகப் போடலாம் என்பது என் கட்சி. மற்றவர்கள் சும்மா நிற்க வேண்டியிருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நெரிசலில் அவர்கள் நிற்பதால்தான் இடமே கிடைக்கிறது. வட்டம், ஸ்டார் (நடுவில் கை சேர்த்துச் சுற்றுவது), செயின் (இருவர் கை கொடுத்து எதிர்ப்பக்கம் கடப்பது) மாதிரி நால்வருக்குள்ளேயே முடியும் அசைவுகளும் பயமில்லாதவை.

கூட்டம் என்றால் புதியவர்களும் நிறைய, இரைச்சலும் அதிகம். மூலைவிட்டமாக அடுத்த நால்வரிடம் கை நீட்டும் ஆட்டங்களை அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒருவர் தடுமாறினால் வரிசையே தடுமாறும்.

இன்னொன்று, எல்லோரும் இசைக்குழுவின் பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள், கீழ்ப்பக்கம் காலியாகக் கிடக்கும். நால்வராகக் கை கோக்கச் சொல்வதற்கு முன்பே வரிசையைக் கீழே இழுத்துவிடுங்கள். அப்புறம் இசையில்லாமல் நடந்து காட்டும்போது செட்டுகளுக்கு நடுவே உள்ள சந்தின் மேலேயே கண் வையுங்கள். அங்கே இரண்டு முதுகு உரசினால், பாட்டு தொடங்கும் முன் ஆட்டத்தை மாற்றிவிடலாம்.